வெளிநாட்டில் திருமணம்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

வெளிநாட்டில் திருமணம் நடத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு கடற்கரை விடுதியோ பழைய மாளிகையோ படத்தில் மனத்தைக் கவர்ந்துவிடுகிறது. தேதி குறித்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த நாட்டில் வெளிநாட்டினர் சட்டப்படி மணம் புரிய என்ன வேண்டும், பெற்றோருக்கு விசா கிடைக்குமா, அந்த மாதத்தில் மழை எப்படி இருக்கும் என்ற கேள்விகள் அதன் பிறகே எழுகின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குப் பாதகமான விடை வந்தாலும் கட்டிய பணம் எளிதில் திரும்பி வராது.

நான் உடனிருந்து உதவிய திருமணங்களில், வேலை மிகுதியால் திணறியவர்களைவிட வேலைகளின் வரிசை மாறியதால் திணறியவர்களே அதிகம். ஆகவே இங்கே வரிசைக்கே முதலிடம் தருகிறேன். 12 முதல் 15 மாதங்கள் கையில் இருப்பதாகக் கொண்டு எழுதியிருக்கிறேன். காலம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு கட்டத்தையும் சுருக்கிக்கொள்ளலாம். முன்பின்னாக மாற்றக் கூடாது.

1. சட்டப்படியான திருமணமா, சடங்கு மட்டுமா என்பதை முடிவு செய்யுங்கள்

முதல் முடிவு இதுதான். அந்நாட்டின் பதிவாளர் முன்னிலையில் சட்டப்படி மணம் புரிவது ஒரு வழி. சொந்த நாட்டில் பதிவுத் திருமணத்தை முடித்துக்கொண்டு, வெளிநாட்டில் சடங்கையும் விருந்தையும் மட்டும் நடத்துவது மற்றொரு வழி. எந்த நாடு, எத்தனை நாள் தங்க வேண்டும், எந்த ஆவணங்கள் தேவை, எந்த விசா பொருந்தும் என்பவை அனைத்தும் இந்த ஒரு முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

சட்ட நிபந்தனைகள் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகின்றன. பிரான்சில் மணமக்களில் ஒருவருக்கோ அவர்களுடைய பெற்றோரில் ஒருவருக்கோ, திருமணம் நடக்கவிருக்கும் நகராட்சியோடு வசிப்பிடத் தொடர்பு இருக்க வேண்டும். வந்து தங்கி அதை உருவாக்கிக்கொள்வதானால் குறைந்தது ஒரு மாதத் தொடர் வசிப்பு தேவை. அதற்கு மேல் திருமண அறிவிப்பு 10 நாட்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். மதச் சடங்கு நடத்துவதற்கு முன்பு நகராட்சியில் குடிமைத் திருமணம் முடிந்திருக்கவும் வேண்டும். இந்தோனேசியாவில் 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் மதத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆகையால் பாலியில் சட்டப்படி மணம் புரிய இருவரும் ஒரே மதத்தினராகப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும். பிரிட்டனில் சட்டப்படி மணம் புரியச் செல்லும் வெளிநாட்டினருக்குச் சாதாரணச் சுற்றுலா விசா போதாது. திருமணத்திற்கென்றே உள்ள வருகையாளர் விசா வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7 நாட்கள் வசித்த பிறகே பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுக்க முடியும். அதன் பின் பொதுவாக 28 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

எளிதான இடங்களும் உள்ளன. லாஸ் வேகாஸ் நகரம் அமைந்திருக்கும் கிளார்க் கவுன்டியில் திருமண உரிமம் பெறக் காத்திருப்புக் காலமோ இரத்தப் பரிசோதனையோ கிடையாது. டென்மார்க்கில் குடும்பச் சட்ட அலுவலகத்திடம் முன்கூட்டியே ஆவணங்களைக் கொடுத்து, மணம் புரியத் தகுதி உண்டு என்ற சான்றிதழ் பெற வேண்டும். கிடைத்த சான்றிதழ் 4 மாதங்களுக்குச் செல்லும்.

மறுமணம் செய்துகொள்பவர்கள் ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும். இத்தாலியில் முந்தைய மணம் முடிவுற்ற பெண் மறுமணம் செய்துகொள்ள, விலக்குகளும் நீதிமன்ற அனுமதியும் நீங்கலாக, 300 நாட்கள் கடந்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. விவாகரத்துத் தீர்ப்பின் நகலோ முந்தைய துணைவரின் இறப்புச் சான்றிதழோ ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் கேட்கப்படும். ஒருபாலின இணையர்கள், மணம் புரியும் நாட்டின் சட்டத்தோடு, வாழப்போகும் நாடு அந்தத் திருமணத்தை ஏற்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒருபாலினத் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்படுகிறது.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கையில், அந்நாட்டுச் சான்றிதழே வேண்டும் என்பதற்குத் தெளிவான காரணம் இல்லாதவர்கள் சொந்த நாட்டில் பதிவு செய்துவிட்டு, வெளிநாட்டில் சடங்கை மட்டும் நடத்துவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆவணச் சங்கிலி முழுவதும் அறுபடுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் பெருகுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சொந்த நாட்டில் பதிவு முடிந்த பிறகு நீங்கள் சட்டத்தின் பார்வையில் மணமானவர்கள். எந்த அலுவலகத்திலும் மணமாகாதவர் என்று உறுதிமொழி அளிக்கக் கூடாது. சடங்கை நடத்தி வைப்பவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நிபந்தனைகளை விடுதியின் விற்பனைப் பிரிவிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். திருமணத்தைப் பதிவு செய்யப்போகும் அலுவலகத்திற்கும், அந்நாட்டில் உள்ள உங்கள் தூதரகத்திற்கும் மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் பெறுங்கள். விதிகள் மாறுகின்றன, போன ஆண்டு அங்கே மணம் புரிந்தவரின் அனுபவம் இந்த ஆண்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

2. கட்டாயம் வர வேண்டியவர்களின் பட்டியலை எழுதுங்கள்

முழு விருந்தினர் பட்டியலைப் பிறகு போடலாம். இவர்கள் இல்லாமல் திருமணமே இல்லை என்று நீங்கள் கருதும் 10 அல்லது 15 பேரின் பெயர்களை மட்டும் இப்போது எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த நாட்டுப் பாஸ்போர்ட், அது எப்போது காலாவதியாகிறது, நீண்ட விமானப் பயணம் செய்யும் உடல்நிலை உண்டா, விடுப்பு கிடைக்கும் மாதங்கள் எவை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதைச் செய்வதற்குக் காரணம், பல வேளைகளில் இந்தப் பட்டியலே நாட்டைத் தேர்ந்தெடுத்துவிடும் என்பதுதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படுபவர்கள் பயணத்திற்கு 6 மாதங்களுக்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். முடிவு பொதுவாக 15 நாட்களில் வரும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை நீளலாம். இது விதியில் உள்ள கணக்கு. கோடைக்காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் ஒதுக்கிப் பெறுவதற்கே பல வாரங்கள் ஆவதுண்டு. பெற்றோரில் ஒருவருக்கு விசா மறுக்கப்படும் வாய்ப்பு இருந்தால், வருகையின்போதே விசா கிடைக்கும் நாட்டையோ விசா தேவைப்படாத நாட்டையோ தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

பாஸ்போர்ட் செல்லுபடியாகும் காலத்தைத் தனியாகச் சரிபாருங்கள். பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து 6 மாதங்கள் மீதமிருக்க வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்குச் செல்லும் பிற நாட்டினரின் பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதங்கள் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இடையில் விமானம் மாறும் நாட்டிலும் விசா தேவைப்படலாம் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

3. பணத்திற்கு வரம்பு போடுங்கள்

யார் எதற்குச் செலவு செய்கிறார்கள் என்பது முதலில் தெளிவாக வேண்டும். விருந்தினரின் விமானக் கட்டணம், தங்கும் அறை, உள்ளூர்ப் போக்குவரத்து, திருமண நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள சாப்பாடு ஆகிய ஒவ்வொன்றையும் நீங்கள் ஏற்கிறீர்களா, அவர்களே ஏற்க வேண்டுமா என்பதை இரு குடும்பங்களும் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். பேசாமல் விட்டால், ஒரு குடும்பத்தின் உறவினருக்கு அறை கிடைத்து மறு குடும்பத்தினர் பணம் கட்டும் நிலை வரும். அந்த மனத்தாங்கல் திருமணத்தோடு முடிந்துவிடாது.

விடுதிகள் சொல்லும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து விலையில் 20 விழுக்காட்டைத் தாண்டும் இடங்கள் உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் போட்ட பட்ஜெட் முதல் விலைப்பட்டியலிலேயே உடைந்துவிடும்.

ஒப்பந்தம் எந்த நாணயத்தில் என்பதும் விலையின் ஒரு பகுதியே. ஓராண்டு காலத்தில் தவணைகளாகச் செலுத்தும்போது நாணய மாற்று விகிதம் உங்களுக்கு எதிராக நகரலாம். பெரிய தவணைகளுக்கு விகிதத்தை முன்கூட்டியே நிலைப்படுத்திக்கொள்ளும் வசதியை வங்கியிடம் கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால், மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்கும் எதிர்பாராத செலவுகளுக்குமாக ஒதுக்கி வையுங்கள்.

4. தேதியை வானிலையோடும் நாட்காட்டியோடும் ஒப்பிடுங்கள்

ஒரு நாட்டின் வானிலை என்று பொதுவாகப் பேசக் கூடாது. இடத்தின் வானிலையைப் பார்க்க வேண்டும். தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அதே நாட்டின் வளைகுடாப் பக்கம் இருக்கும் சாமுயி தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. தாய்லாந்தில் நவம்பர் நல்ல மாதம் என்று கேள்விப்பட்டுச் சாமுயியில் திறந்தவெளித் திருமணம் வைப்பவர்கள் நனைந்து போகிறார்கள். பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். கரீபியப் பகுதியில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம்; அந்த மாதங்களில் அறை விலை குறைவதற்குக் காரணமும் அதுவே.

அடுத்து, அந்நாட்டின் விடுமுறை நாட்களையும் சமய நாட்களையும் பாருங்கள். பாலியில் நியெப்பி எனப்படும் மௌன நாளில் விமான நிலையம் 24 மணி நேரம் மூடப்படும். யாரும் தெருவில் நடமாடக் கூடாது. இத்தாலியில் ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறை. அதைச் சுற்றியுள்ள வாரங்களில் அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை மந்தமாகவே நடக்கும். ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய 10 அல்லது 11 நாட்கள் முன்னால் நகர்வதால், அதைக் கடைப்பிடிக்கும் நாடுகளில் பகல் விருந்துக்கும் இசைக்கும் எந்த ஆண்டில் எந்த வாரங்கள் பொருந்தாது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே தேதியில் பிடிவாதமாக நிற்காமல் மூன்று தேதிகளை வைத்துக்கொண்டு இடங்களைத் தேடுங்கள். சனிக்கிழமைக்குப் பதிலாக வார நாளை ஏற்பவர்களுக்கு விலையும் தேர்வும் நன்றாக அமைகின்றன. விருந்தினர் எப்படியும் விடுப்பு எடுத்தே வருகிறார்கள் என்பதால் வார நாளால் அவர்களுக்குப் பெரிய இழப்பு இல்லை.

5. இடத்தை நேரில் பாருங்கள்

இப்போதுதான் இடம். நாடு, மாதம், ஆட்களின் எண்ணிக்கை, வரம்பு ஆகிய நான்கும் தெரிந்திருப்பதால் தேடல் சுருங்கியிருக்கும். மூன்று அல்லது நான்கு இடங்களைத் தெரிந்தெடுத்து நேரில் செல்லுங்கள். முடிந்தால் திருமணம் நடக்கவிருக்கும் அதே மாதத்தில், அதே நேரத்தில் பாருங்கள். மாலை 4 மணிக்குச் சடங்கு என்றால் அந்த நேரத்தில் வெயில் யார் முகத்தில் விழுகிறது, கடல் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது, காற்றின் இரைச்சலில் பேச்சு கேட்கிறதா என்பவை படத்தில் தெரியாது. நேரில் செல்ல இயலாதவர்கள், அந்த நேரத்தில் ஒருவரை அங்கே நிற்கச் சொல்லி நேரலைக் காணொளியில் இடத்தை முழுவதுமாகச் சுற்றிக் காட்டச் சொல்லலாம். விளம்பரக் காணொளி இதற்கு ஈடாகாது.

மழை வந்தால் எங்கே நடக்கும் என்பதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டப்படும் உள்ளரங்கம் உங்கள் எண்ணிக்கையைக் கொள்ளுமா, அது உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்குமா, அன்று வேறொரு விழாவுக்குக் கொடுக்கப்பட்டிருக்குமா என்று கேட்க வேண்டும். மாற்றிடம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மழை நாளில் அதுவே உங்கள் திருமண மண்டபம்.

இசையை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், வெளியாட்களின் சாப்பாட்டை அனுமதிப்பார்களா, ஜெனரேட்டர் உண்டா, சக்கர நாற்காலி செல்லும் பாதை உண்டா, அருகில் உள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பவற்றையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நெருப்பு இடம்பெறும் சடங்காக இருந்தால் அதற்கான அனுமதியை வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள். புகை உணர்கருவி உள்ள அரங்கில் அன்று காலை வரும் மறுப்புக்கு மாற்று வழியே இருக்காது.

6. ஒருங்கிணைப்பாளரை அமர்த்துங்கள்

விடுதியே ஒருவரைத் தருகிறதே, வேறொருவர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். விடுதியின் ஒருங்கிணைப்பாளர் விடுதியின் ஊழியர். விடுதிக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு வரும்போது அவரால் உங்கள் பக்கம் நின்று பேச முடியாது. விடுதிக்கு வெளியே நடக்கும் ஊர்திப் போக்குவரத்து, அலுவலக வேலை முதலியவை அவருடைய பொறுப்பிலும் வராது. 40 பேருக்கு மேல் வரும் திருமணம் என்றால், அந்த ஊரிலேயே வசித்துத் தொழில் செய்யும் தனி ஒருங்கிணைப்பாளர் ஒருவரை அமர்த்துவது செலவுக்குத் தகுந்ததே.

அவரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: அதே நாளில் வேறு திருமணம் எடுத்திருக்கிறாரா, பூக்காரர், ஒலியமைப்பாளர் போன்றோரிடமிருந்து தரகுத் தொகை பெறுகிறாரா, அவர் நோயுற்றால் யார் வருவார். அண்மையில் அவர் நடத்திய திருமணத்தின் மணமக்களோடு பேசவும் அனுமதி கேளுங்கள். தயங்காமல் தொடர்பு கொடுப்பவரை நம்பலாம்.

7. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்த பிறகே முன்பணம் கட்டுங்கள்

மிகுதியான பணம் வீணாகும் இடம் இதுதான் என்பதால் இந்தக் கட்டத்தில் அவசரப்பட வேண்டாம். இன்றைக்குள் கட்டினால் சலுகை என்ற நெருக்குதல் வந்தால், 3 நாட்கள் இடத்தை நிறுத்தி வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான இடங்கள் ஒப்புக்கொள்கின்றன.

முதலில் அறைத் தொகுதி. நீங்கள் 30 அறைகளை ஒதுக்கச் சொன்னால், அவற்றில் எத்தனை நிரம்பாவிட்டால் நீங்கள் பணம் கட்ட வேண்டும், எந்த நாள் வரை தண்டமின்றி அறைகளைத் திருப்பித் தரலாம் என்பவை ஒப்பந்தத்தில் இருக்கும். அழைக்கப்படுபவர்களில் கணிசமானோர் வெளிநாட்டுத் திருமணத்திற்கு வர இயலாது. ஆகவே உறுதியாக வருபவர்களின் எண்ணிக்கைக்குக் குறைவாகவே முதலில் ஒதுக்கிக்கொண்டு, கூடுதல் அறைகளை அதே விலையில் பெறும் உரிமையை எழுதிக்கொள்ளுங்கள். கூட்டுவது எளிது, குறைப்பதற்குத்தான் தண்டம்.

அடுத்து, சாப்பாட்டிற்கும் பானத்திற்குமான குறைந்தபட்சச் செலவு. சில இடங்கள் மண்டப வாடகை இல்லை என்று சொல்லி இந்தத் தொகையை உயர்த்தி வைக்கும். வரிக்கு முந்தைய தொகையா, பிந்தையதா என்பதும், நிரம்பாத மீதியை மறுநாள் காலை விருந்துக்கோ அறை வாடகைக்கோ ஈடுகட்டலாமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ரத்து விதிகளை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். நீங்களே ரத்து செய்தால் எந்த நாளில் எத்தனை விழுக்காடு போகும் என்பது ஒன்று. புயல், எரிமலைச் சாம்பல், தொற்றுநோய், எல்லை மூடல் போன்ற இரு தரப்பின் கட்டுப்பாட்டிலும் இல்லாத காரணங்களால் நடக்க முடியாமல் போனால் பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா, மாறினால் புதிய விலையா, பழைய விலையா என்பது மற்றொன்று. 2020இல் எல்லைகள் மூடப்பட்டபோது பலருக்கு இந்தப் பகுதியில் இருந்த ஓரிரு சொற்களே பணம் திரும்புமா என்பதைத் தீர்மானித்தன. விடுதி திறந்திருந்தும் விருந்தினர் நாட்டுக்குள் நுழைய முடியாத நிலையும் இதில் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். பொதுவான வாசகத்தை விடுதி தனக்குச் சாதகமாகவே பொருள்கொள்ளும்.

விடுதி கைமாறினாலோ, அந்த மாதத்தில் கட்டுமான வேலை நடந்தாலோ என்ன தீர்வு, எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்பவையும் முக்கியம். முன்பணத்தைக் கிரெடிட் கார்டு வழியாகச் செலுத்தினால், சேவை வழங்கப்படாதபோது வங்கியிடம் முறையிடும் வழி பெரும்பாலும் இருக்கும். தனிநபர் கணக்கிற்கு நேரடியாக அனுப்பிய பணத்திற்கு அந்த வழி இல்லை. காப்பீடு எடுப்பதானால் முன்பணம் கட்டிய உடனேயே எடுங்கள். தெரிந்த ஆபத்து ஏற்பட்ட பிறகு எடுக்கும் காப்பீடு அந்த ஆபத்தை ஈடு செய்யாது. திருமணக் காப்பீடு அந்த நாட்டில் நடக்கும் விழாவுக்குச் செல்லுமா என்பதையும் பாருங்கள்.

8. ஆவணங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டுத் தயாரியுங்கள்

சடங்கு மட்டும் நடத்துபவர்கள் இந்தப் பகுதியைக் கடந்து போகலாம். சட்டப்படி மணம் புரிபவர்களுக்கு இதுவே மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம்.

பொதுவாகக் கேட்கப்படுபவை பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணத்திற்குத் தடை ஏதும் இல்லை என்ற சான்றிதழ், முந்தைய மணம் முடிவுற்றதற்கான ஆவணம் ஆகியவை. தடையில்லாச் சான்றிதழைச் சில நாடுகள் உங்கள் சொந்த நாட்டு அலுவலகத்திலிருந்தும், சில நாடுகள் அங்கே உள்ள உங்கள் தூதரகத்திலிருந்தும் எதிர்பார்க்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் தவறான அலுவலகத்தில் பெற்ற சான்றிதழ் பயன்படாது.

வேலையின் வரிசை இது. முதலில் புதிய சான்றிட்ட நகலைப் பெறுங்கள். பிறகு அந்த ஆவணத்தை வழங்கிய நாட்டின் உரிய அதிகாரியிடம் அப்போஸ்டில் என்ற சான்றைப் பெறுங்கள். அதன் பின்னரே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். மொழிபெயர்த்த பிறகு அப்போஸ்டில் வாங்கினால், அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும். பல அலுவலகங்கள் அதை ஏற்பதில்லை, வேலையை மறுபடியும் தொடங்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் அந்நாடு ஏற்கும் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும்.

அப்போஸ்டில் என்பது 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி, ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று உறுதி செய்யும் சான்று. இரு நாடுகளும் அந்த உடன்படிக்கையில் இருந்தால் மட்டுமே அது செல்லும். சீனாவில் 2023 நவம்பரிலிருந்தும், கனடாவில் 2024 ஜனவரியிலிருந்தும்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய குறிப்புகளை நம்பாமல் இன்றைய நிலையைப் பாருங்கள். உடன்படிக்கை பொருந்தாத இடத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும், செல்லவிருக்கும் நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் தேவைப்படும்; இதற்குக் காலம் கூடுதலாகப் பிடிக்கும். தாய்லாந்தில் மணம் புரியும் வெளிநாட்டினர், பாங்காக்கில் உள்ள தங்கள் தூதரகத்தில் உறுதிமொழி ஆவணம் பெற்று, அதைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் சான்றொப்பம் வாங்கி, அதன் பிறகே மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். கடற்கரை விடுதிக்கு நேராகப் போய் இறங்கினால் இது நடக்காது என்பது புரிந்திருக்கும்.

சான்றிதழ்கள் பலவும் வழங்கிய நாளிலிருந்து 3 முதல் 6 மாதங்களுக்கே செல்லும். அளவு மீறி முன்கூட்டிப் பெற்றவர்கள் திருமண வாரத்தில் காலாவதியான தாளோடு நிற்கிறார்கள். திருமண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொன்றையும் எந்த வாரத்தில் பெற வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். உரிமங்களுக்கும் இதே கணக்கு: ஹவாயில் திருமண உரிமம் 30 நாட்களுக்குச் செல்லும், நியூயார்க்கில் 60 நாட்களுக்குச் செல்லும், ஆனால் பெற்ற பிறகு 24 மணி நேரம் கழித்தே சடங்கு நடத்தலாம்.

எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே எழுத்தமைப்பில் இருக்கிறதா என்பதை முதல் நாளே பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்தும் பாஸ்போர்ட்டில் விரிந்த பெயரும் இருப்பது, தந்தை பெயர் குடும்பப் பெயராக இடம் மாறியிருப்பது ஆகியவை எங்கும் காணப்படும் சிக்கல்கள். திருத்தம் பெறவோ, இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழி ஆவணம் பெறவோ மாதங்கள் ஆகலாம் என்பதால், இதை மட்டும் பின்னோக்கிய கணக்கில் வைக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

9. விருந்தினருக்குச் செய்திகளைத் தவணைகளாக அனுப்புங்கள்

தேதியையும் ஊரையும் 9 அல்லது 10 மாதங்களுக்கு முன்பே தெரிவியுங்கள். அவர்களுக்கு வேண்டியது விடுப்பும் பயணச்சீட்டும் விசாவும். அழகான அழைப்பிதழ் பிறகு வரலாம். அருகில் உள்ள விமான நிலையம், எந்த நாளில் வந்து எந்த நாளில் திரும்பினால் போதும், அறைக்கு யார் பணம் தருகிறார்கள், விசா தேவையா ஆகியவற்றை முதல் செய்தியிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் தேவைப்படுபவர்களுக்கு, அறை முன்பதிவுச் சான்றோடு சேர்த்து ஒரே முறையில் அனுப்புங்கள். வருகை உறுதியை 4 மாதங்களுக்கு முன், அதாவது விடுதியில் அறைகளைத் திருப்பித் தரும் கடைசி நாளுக்கு இரண்டு வாரங்களாவது முன்னதாகக் கேட்டு முடியுங்கள். இரண்டு தேதிகளும் ஒன்றாக இருந்தால் கடைசி நாளில் பதில் தராதவர்களின் அறைக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

10. கூட அழைத்துச் செல்பவர்களையும் எடுத்துச் செல்பவற்றையும் சரிபாருங்கள்

நீங்கள் கூலி கொடுத்து அழைத்துச் செல்லும் ஒளிப்படக்காரரும் ஒப்பனைக் கலைஞரும் அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் அங்கே வேலை செய்கிறார்கள். பல நாடுகள் சுற்றுலா விசாவில் அதை அனுமதிப்பதில்லை. தேவையான அனுமதியைப் பெற முடியாவிட்டால் உள்ளூர்க் கலைஞரையே அமர்த்துவது பாதுகாப்பானது. கேமரா முதலிய தொழிற்கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுசெல்ல ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் உண்டு. அதை ஏற்கும் நாடுகளில் சுங்கவரி கட்டாமல் ஓராண்டுக்குள் திரும்பக் கொண்டுவரலாம். ட்ரோன் பறக்கவிட விரும்புபவர்கள் அந்நாட்டு விதியை முதலில் படிக்க வேண்டும். மொராக்கோ போன்ற நாடுகள் முன் அனுமதியின்றி அதை உள்ளே கொண்டுவரவே விடுவதில்லை.

மணநாள் ஆடை, மோதிரங்கள், அசல் ஆவணங்கள், மருந்துகள் ஆகிய நான்கும் கைப்பையில்தான் செல்ல வேண்டும். பவர் பேங்கையும் உதிரி லித்தியம் பேட்டரிகளையும் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். மத்தாப்பு, பட்டாசு ஆகியவற்றை விமானத்தில் எந்தப் பையிலும் வைக்கக் கூடாது. விலையுயர்ந்த நகைகளைக் கொண்டுசெல்பவர்கள் புறப்படும் முன்பே அவற்றின் படங்களையும் மதிப்பீட்டுச் சான்றையும் வைத்துக்கொண்டு, சுங்க அலுவலகத்தில் பதிவு செய்யும் முறை இருந்தால் அதையும் முடித்துவிட வேண்டும். திரும்பும்போது அவை புதிதாக வாங்கியவை அல்ல என்று காட்ட வேறு வழி இராது. ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் கொண்டுசென்றால் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் என்றால் அறிவிக்க வேண்டும்.

முடி உலர்த்தும் கருவி போன்றவற்றின் மின்னழுத்தத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். செருகியை மட்டும் மாற்றினால் போதாது.

11. கடைசி வாரத்தை வேலை நாட்களால் அளந்துகொள்ளுங்கள்

சட்டப்படி மணம் புரிபவர்கள் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன்னதாகவும், மற்றவர்கள் 2 நாட்களுக்கு முன்னதாகவும் போய்ச் சேர வேண்டும். சனி, ஞாயிறு, உள்ளூர் விடுமுறை ஆகியவற்றை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. தாமதமான விமானமும் வராத பெட்டியும் இந்த இடைவெளிக்குள்தான் சரிசெய்யப்படுகின்றன. அலுவலக வேலை இருந்தால் முதல் நாளே அதை முடியுங்கள். சாட்சிகள் எத்தனை பேர், அவர்களுடைய அசல் பாஸ்போர்ட் வேண்டுமா, சடங்கின் மொழி தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கட்டாயமா என்பவற்றை நேரில் மீண்டும் உறுதி செய்யுங்கள்; இத்தாலியில் மொழி அறியாத மணமக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க வேண்டும்.

நிகழ்ச்சி நிரலை நேர வாரியாக ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பொறுப்பாளரின் பெயரைக் குறியுங்கள். அதில் மணமக்களின் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. கேள்வியோடு வருபவர்கள் அணுக வேண்டிய ஒருவரை, குடும்பத்தில் நிதானமானவராகப் பார்த்து, நியமித்துவிடுங்கள்.

12. சான்றிதழைக் கையில் வாங்காமல் நாடு திரும்பாதீர்கள்

விழாவில் கையொப்பமிட்டுப் பெறும் அலங்காரத் தாள் பல இடங்களில் வெறும் நினைவுப் பொருளே. பதிவு அலுவலகம் தரும் சான்றிட்ட நகலே சட்ட ஆவணம். அதில் மூன்று நகல்களாவது வாங்குங்கள். அதற்கான அப்போஸ்டிலை அந்த நாடு மட்டுமே தர முடியும் என்பதால், நீங்கள் அங்கிருக்கும்போதே விண்ணப்பியுங்கள். காலம் போதாவிட்டால் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்துவிட்டு வாருங்கள். வாங்கிய உடனே பெயர், பிறந்த நாள், பாஸ்போர்ட் எண் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். அங்கே ஒரு மணி நேரத்தில் திருத்தக்கூடிய பிழையை, ஊர் திரும்பிய பிறகு திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

திரும்பிய பின் சொந்த நாட்டில் அந்தத் திருமணத்தை அறிவிக்க வேண்டுமா, பதிவு செய்ய வேண்டுமா, அதற்குக் கெடு உண்டா என்பதைப் பார்த்து முடியுங்கள். பெயர் மாற்றம் செய்ய விரும்புபவர்கள், தேனிலவு உட்பட முன்பதிவு செய்த பயணங்கள் அனைத்தும் முடிந்த பிறகே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணச்சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால்தான் விமானத்தில் ஏற முடியும். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள செல்லுபடியாகும் விசாக்கள் புதிய பெயருக்குப் பொருந்துமா என்பதையும் அந்தந்தத் தூதரகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.